விஞ்ஞான வகுப்பும் வெண்திரையும்

நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன், கலைப் பட்டதாரி. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு என் பணி. மும்பை திலக் நகரில் வாசம்.

ஒரு மாலை என் மகள், "இன்று மின்சாரப் பாடம், அப்பா! திரையில் படம் காட்டினார்கள்" என்றாள். "படத்தில் என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. அம்மௌனமே இப்பேச்சுக்குக் காரணம்.

கருவிகொண்டு கற்பித்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. பரிசோதனைச் சாலை வசதி குறைந்த பள்ளிகளுக்கு உதவ, 1961-இல் அகில இந்திய வானொலி தில்லியில் பள்ளித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் வாயிலாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடந்தது. அப்போது விஞ்ஞான ஆசிரியர்களுக்கு அளித்த பயிற்சியில் தொலைக்காட்சியோடு வானொலியும், அச்சிட்ட குறிப்புகளும், கையால் செய்யும் பரிசோதனைகளும் சேர்ந்திருந்தன. திரை மட்டும் போதாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

அவ்வாறாயின் முறை யாது? ஒரே வகையான இரு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு மின்கலத்துடன் இணைத்தால், எது அதிகம் ஒளிரும்? முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், அடுத்தது மங்கும் எனப் பிள்ளைகள் பலர் கூறுவர். ஆசிரியர் உடனே திருத்தாமல், விடையை எழுதச் செய்யவேண்டும். பிறகு பல்புகளை எரியவிட்டால், இரண்டும் சமமாகவே ஒளிரும். ஏன்? இங்கேதான் கணினித் திரைக்கு வேலை. கண்ணுக்குப் புலப்படாத எலெக்ட்ரான்கள் சுற்று முழுவதும் ஒரே அளவில் ஓடுவதை அது காட்டும். கேள்வி முன்னே செல்லாவிடில், காட்சி வெறும் வேடிக்கையாகிவிடும்.

எங்கள் திலக் நகருக்கு அடுத்த மூன்றாவது ரயில் நிலையம் மான்கூர்து. அங்குள்ள ஹோமி பாபா விஞ்ஞானக் கல்வி மையம் 1974-இல் தொடங்கப்பெற்றது. பிள்ளைகளின் இத்தகைய பிழையான எண்ணங்களை ஆராய்வதும் அதன் பணிகளுள் ஒன்று.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு மேலும் ஒரு கடமை உண்டு. நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, மராத்தியிலோ பாடம் கேட்கின்றனர். சொற்களை ஒப்பித்தல் எளிது. வீட்டில் அதனைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்க இயன்றால், பொருள் மனத்தில் பதிந்தது எனக் கொள்ளலாம். நாம் விஞ்ஞானம் அறியாதிருத்தல் இதற்குத் தடையன்று.

மறுநாள் நாங்களும் ஒரு மின்கலமும் இரு பல்புகளும் வாங்கிவந்தோம். முதல் பல்பே அதிகம் ஒளிரும் என்றாள் மகள். நானும் அவ்வாறே எண்ணினேன். இணைத்துப் பார்த்தோம், இருவர் விடையும் தவறு. அன்றிரவு அவள் காரணத்தை எனக்குத் தமிழில் விளக்கினாள்.