எஞ்சினீயருக்குப் பூஞ்சாணத்தில் என்ன வேலை?



என் தலைப்பைப் பார்த்ததும், "இது வேளாண்மைக் கல்லூரியில பேச வேண்டியதாச்சேப்பா!" என்றார் நம் மூத்த மாணவர் ஒருவர். இல்லை அண்ணே, இங்கேதான் பேசணும். ஏனென்று சொல்கிறேன்.

மனிதனுக்கு நோய் வருவதுபோலப் பூச்சிக்கும் வரும். பட்டுப்புழு வெள்ளை பூத்துச் சாவதற்கு ஒரு பூஞ்சாணமே காரணம் என்று 1835-ல் இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி நிரூபித்தார். அதன் பெயர் இன்று பெவேரியா பாசியானா. 1879-ல் ஒடெஸ்ஸாவில் மெச்னிகாஃப், கோதுமையை அழித்த வண்டின் மேல் மெட்டாரைசியம் என்ற இன்னொரு பூஞ்சாணத்தைச் சோதித்துப் பார்த்தார்.

பூச்சி இதைத் தின்ன வேண்டியதில்லை. மேலே பட்டாலே போதும். பூஞ்சாண வித்து தோலில் ஒட்டி, முளைத்து, துளைபோட்டு உள்ளே இறங்கும். சில நாளில் பூச்சி செத்துப்போகும். பிறகு அந்த உடம்பின் மேலேயே பச்சையாகவோ வெள்ளையாகவோ புது வித்துகள் பூக்கும்.

இவ்வளவும் தெரிந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் இது ஏன் ரசாயன மருந்தை ஓரங்கட்டவில்லை? காரணம், இது உயிருள்ள சரக்கு. வெயில் பட்டால் சாகும். சூட்டில் கிடந்தால் வீரியம் போகும். காற்றில் ஈரமில்லாவிட்டால் முளைக்காது. இதெல்லாம் நம்ம டிபார்ட்மென்ட் சமாச்சாரம்தானே!

ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளியை ஒழிக்க 1989-ல் லுபிலோசா என்ற திட்டம் தொடங்கியது. அரிசியில் பூஞ்சாணத்தை வளர்த்தார்கள். வித்தைப் பிரித்து நன்றாக உலர்த்தினார்கள். தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் கலந்து மிக நுண்ணிய துளிகளாகத் தெளித்தார்கள். வறண்ட பூமியிலும் அது வேலை செய்தது. 2020-ல் சோமாலியா வெட்டுக்கிளிக்கு எதிராக மெட்டாரைசியத்தையே களத்தில் இறக்கியது. உயிரியல் பாதி, உலர்த்தலும் தெளிப்பானும் பாதி!

நம் ஊர்த் தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில்தான் வளர்கிறது. நிழலும் ஈரமும் உள்ள அந்தக் குழி மெட்டாரைசியத்துக்கும் தோதான இடம். ஆனால் கடை வாசலில் வெயிலில் காய்ந்த பாக்கெட்டை வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? புழு சாகாது, விவசாயியின் நம்பிக்கைதான் சாகும். மறுபடி அவர் விஷ மருந்தைத்தான் தேடிப் போவார்.

இதற்கும் கட்டுப்பாடு உண்டு. மாலையில் தெளிக்கணும், பூஞ்சாணக் கொல்லியோடு கலக்கக் கூடாது, பட்டுப்புழு வளர்க்கும் இடத்துப் பக்கம் பெவேரியாவைக் கொண்டுபோகவே கூடாது.

நம்மில் குளிர்பதனத் துறையில் இருக்கிறீர்கள், உலர்த்தி செய்கிறீர்கள், பேக்கிங் மெஷின் செய்கிறீர்கள். கிராமத்துக் கடைக்குக் கட்டுப்படியாகிற ஒரு குளிர்ப்பெட்டி, சூடுபட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் ஒரு பாக்கெட் — இவை நம்மால் ஆகாத காரியமா? அடுத்த சந்திப்புக்குள் நாலு பேராவது கை கோப்போம்.