சிரிச்சது வீண் போகலை!



எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? "லீவுக்குப் போனான், காதலிச்சான், சிரிச்சான். அந்தப் படங்கள்ல கருத்து எங்கே இருக்கு?"ன்னார். ஐயா, கொஞ்சம் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாருங்க!

போர் முடிஞ்ச பிறகு வெள்ளைக்காரன் சிரிக்கிறதுக்குக் கடற்கரைக்குப் போனான். 1953ல பிரெஞ்சுக்காரர் ஜாக் தாத்தி ஒரு படம் எடுத்தார். ஊலோன்னு ஒருத்தர் கடலோர ஓட்டலுக்கு லீவுக்கு வர்றார். அங்கே ஒரு வியாபாரி, லீவுக்கு வந்த இடத்திலும் அவரை டெலிபோன் விடாம கூப்பிடுது! பாவம், உடம்புதான் லீவுல இருக்கு.

அவங்களுக்குக் கடற்கரை, நமக்கு அணைக்கரை. 1964ல ஸ்ரீதர் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தார். மெரினாவில் ஒரு பாட்டு உண்டு. ஆனா கலாட்டா முழுக்க ஆழியாறு பக்கம்.

அதுல ரவிச்சந்திரன் யார்? வேலை போன பையன். முதலாளி பாலையாவின் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, ஆடிப் பாடி வேலை கேட்கிறான். நடுவர் அவர்களே, அது காதல் பாட்டா? வேலை கேட்டு நடக்கிற போராட்டம்! அதே பையன் கோடீஸ்வரன் மகன்னு பொய் சொன்னதும் அதே பாலையா விழுந்து விழுந்து உபசரிக்கிறார். பணத்துக்குப் பல்லிளிக்கிற மனுஷனை இதைவிட எப்படிங்க காட்டுறது? வசனம் பேசி அழவெச்சாத்தான் கருத்தா?

இன்னொண்ணு. எங்க வீட்டுல அப்பா முன்னாடி யாரும் சத்தமாச் சிரிக்க முடியாது. டெண்ட் கொட்டகையில இந்தப் படம் பார்த்தோம். மணலைக் குவிச்சு உட்கார்ந்தோம். ஒகேனக்கல் அருவியை விட்டா வேற தண்ணி பார்க்காத எங்களுக்கு அதுதான் கடற்கரை. படத்துல மகன் நாகேஷ் சினிமாக் கதை சொல்லி, பெத்த அப்பன் பாலையாவை நடுங்க வைக்கிறார். நாங்க வாயைப் பொத்திக்கிட்டோம். திடீர்னு பக்கத்துல ஒரு சிரிப்பு. எங்க அப்பா!

(கைதட்டல்)

அப்புறம் என்ன, அம்மாவும் சிரிச்சாங்க. வீடு வர்ற வரைக்கும் அப்பாவே பாலையா மாதிரி முழிச்சுக் காட்டிக்கிட்டு வந்தார். மறுநாள் காலையில, "அப்பா, எனக்கு ஒரு கதை தோணுது"ன்னு அவர் முன்னால நின்னேன். அடிக்கலைங்க, "சொல்லு"ன்னார்!