உபகாரமா, சம்பளமா?

(தாராவியில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்களைப் பற்றிப் பேச, பத்தாவதோடு நின்றுவிட்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவை மேடையேற்றியிருக்கிறீர்கள். ஆய்வேட்டில் என்ன எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சம்பளப் பட்டியல் தெரியும். பில் செக்‌ஷனில் இருபது ஆண்டு உட்கார்ந்தவன் நான். ஒருவன் கைக்கு மாதம் தவறாமல் பணம் போய்ச் சேர எத்தனை கையெழுத்து வேண்டும், எந்த மேசையில் காகிதம் தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம். இன்று பேச வந்ததும் அந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

நம் குடியிருப்பில் ஒரு தங்கை. பெயர் வேண்டாம். தகப்பனார் தோல் பட்டறையில் உழைத்தவர். இந்நகரத்துக் கல்வி நிறுவனம் ஒன்றில் அவளுக்கு இது பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கியவள். ஐந்து மாதமாக அவள் கணக்கில் ஒரு காசு ஏறவில்லை. சென்ற மாதம் தகப்பனார் சங்க அறைக்கு வந்தார். "போதும் தம்பி, படிச்சது போதும். நிறுத்திட்டு ஏதாவது வேலைக்குப் போகட்டும்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

இந்தப் பணம் என்ன பணம்? ஸ்காலர்ஷிப்புக்கு அந்தக் காலத்துத் தமிழில் உபகாரச் சம்பளம் என்று பெயர். எவன் இந்தச் சொல்லை உண்டாக்கினானோ! உபகாரம் என்றால் கொடுப்பவன் மனம் வைக்க வேண்டும். சம்பளம் என்றால் வேலை செய்தவனுக்குச் சேர வேண்டிய பாக்கி. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட்டுவிட்டார்கள். இன்று உதவித்தொகை என்கிறோம். அதிலும் உதவிதான் முன்னால் நிற்கிறது.

"படிப்பதற்கு மாதம் 37,000 ரூபாயா, கொடுத்து வைத்தவள்!" என்று நம் தெருவிலேயே பேசுகிறார்கள். ரயில்வேயில் புதிதாகச் சேரும் இளநிலை எழுத்தருக்கு 7ஆவது ஊதியக் குழுவில் அடிப்படைச் சம்பளம் 19,900. அதைப் பார்த்தால் 37,000 பெரிதாகத்தான் தெரியும். ஆனால் எனக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் பஞ்சப்படி திருத்தம் உண்டு, ஆண்டுக்கொரு இன்கிரிமெண்ட் உண்டு, ஓய்வுகாலத்துக்கென்று ஒரு தொகை சேருகிறது. அவளுக்கு இதெல்லாம் இல்லை. 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000. நடுவில் விலைவாசி ஏறியதற்கு யார் பொறுப்பு? 2019 உயர்வுக்கு முன் ஆராய்ச்சி மாணவர்கள் டெல்லித் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

இது அதிர்ஷ்டசாலிகளின் கதை. ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவனுக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் மாதம் 8,000. அதையும் நிறுத்துவதாக 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தது. மாணவர்கள் டெல்லியில் அதன் அலுவலக வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தார்கள், தடியடி வாங்கினார்கள், தொகை பிழைத்தது. நம் மும்பைப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவனுக்கு அந்த 8,000மும் கிடையாது.

சரி, தங்கையின் ஐந்து மாதப் பணம் எங்கே நின்றது? மாதாமாதம் நெறியாளர் கையெழுத்து வேண்டும். பிறகு துறைத் தலைவர். பிறகு நிர்வாக அலுவலகத்தில் ஒருவர் கணினியில் ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். இரண்டு ஆண்டு முடிந்ததும் ஒரு குழு கூடி, வெளியிலிருந்து ஒரு நிபுணரும் வந்து, வேலை திருப்தி என்று எழுதினால்தான் மேல்நிலைத் தொகையான 42,000க்கு மாறலாம். அந்தக் குழுவை நெறியாளர் கூட்டவில்லை. இன்று நாளை என்று ஐந்து மாதம். இதே நெறியாளரின் கருத்தரங்குக்கு நாற்காலி போட்டதும் இவள்தான், அவருடைய விடைத்தாள்களுக்கு மதிப்பெண் கூட்டியதும் இவள்தான். கேட்டால் கோபித்துக்கொள்வார், கோபித்தால் ஆய்வேடே போய்விடும் என்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

தோழர்களே, என் அதிகாரிக்கு என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அவர் நினைத்த மாத்திரத்தில் என் சம்பளத்தை நிறுத்த முடியாது. குற்றப் பத்திரிகை கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும். சஸ்பெண்ட் செய்தால்கூடப் பிழைப்பூதியம் உண்டு. இதெல்லாம் யாரும் தானம் தந்ததல்ல. சங்கம் கட்டி வாங்கியது. ஆராய்ச்சி மாணவன் நிலை என்ன? ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலா விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2016 ஜனவரி 17ஆம் நாள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டபோது ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது, 1,75,000 ரூபாய். கணக்குப் பாருங்கள், மாதம் 25,000 வீதம் சரியாக வருகிறது. காகித வேலையில் தாமதம் என்றது பல்கலைக்கழகம். காகித வேலை என்றால் என்ன என்று இந்தக் குமாஸ்தாவுக்குத் தெரியும். ஏழு மாதம் ஒரு காகிதம் தானாகத் தூங்காது.

பணம் நின்றால் படிப்பு நிற்கும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பரேல் சாலில் வாழ்ந்த அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த தொகையில்; மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுக்கு. பிறகு லண்டன் போனார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். நான்கு ஆண்டுக்குள் வந்து முடிக்கலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் இடம் வைத்தது. சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேமித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா உதவினார். நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல் மறுபடி கப்பலேறினார், 1923இல் டி.எஸ்சி. பட்டம். அந்த நண்பரின் 5,000 ரூபாயைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மன்னர் தொகை நின்ற பிறகு கடன் கொடுக்க ஒரு நண்பன் இருந்தான்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு முள்ளும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து அப்பனும் தாத்தனும் பிழைக்க வந்தார்கள். பிள்ளை இங்கேதான் பிறந்தது, மராத்தி பேசுகிறது. ஆனால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன் குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால், இந்த மாநிலத்தின் தாழ்த்தப்பட்டோர் சலுகை கிடையாது. ஊரில் அந்தச் சாதி என்று ஒதுக்கினான். இங்கே அந்தச் சாதியே இல்லை என்கிறான். மாநில அரசின் 'பார்ட்டி' நிறுவனம் தரும் ஆராய்ச்சித் தொகைக்கு மராட்டியச் சான்று வேண்டும். மத்திய அரசுத் தொகைக்குத் தகப்பனாரின் ஊர்ச் சான்றை வைத்து வாங்கிய சான்று செல்லும். ஆகவே தாய்மார்களே, கொடியில் தொங்கும் பையில் அப்பாவின் பழைய சான்று இருந்தால் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிகளை வாங்கிப் படியுங்கள். உங்கள் வேலையைப் பார்க்க நெறியாளர் ஒருவர் மட்டுமல்ல, ஒரு ஆலோசனைக் குழு உண்டு. அரையாண்டுக்கு ஒருமுறை அதன்முன் நீங்கள் பேசியாக வேண்டும். அங்கே சொன்னதெல்லாம் எழுத்தில் வரட்டும். ஆய்வுக் கட்டுரை வெளியிட்டால்தான் பட்டம் என்ற கட்டாயம் அந்த விதிகளில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு அச்சடிக்கும் பத்திரிகைக்குக் கடன் வாங்கிக் கொட்டாதீர்கள். நெட் தேர்வையும் தள்ளிப்போடாதீர்கள். பட்டத்தோடு வெளியே வந்து, கல்லூரியில் பீரியட் கணக்கில் கூலி வாங்கும் டாக்டர்களை எனக்கே தெரியும். அது தனிக் கூட்டத்துக்கான விஷயம்.

இனி நம் வேலை. அந்தத் தகப்பனாரிடம் நான் சொன்னேன்: "அண்ணாச்சி, எங்கள் யூனியனில் சம்பளம் நின்றால் வேலையை விடு என்று யாரும் சொல்வதில்லை, சம்பளத்தைக் கேள் என்றுதான் சொல்வோம்." அவர் பதில் சொல்லவில்லை. வீட்டு வாடகையை நினைத்திருப்பார். அதுவும் நியாயம். வெறும் வாயால் தைரியம் சொல்லி என்ன பயன்?

ஆகவே செயற்குழு முடிவை உங்கள்முன் வைக்கிறேன். மாதம் 50 ரூபாய் வீதம் விரும்பும் உறுப்பினரிடம் வாங்கி ஒரு கைமாற்று நிதி. உதவித்தொகை நின்ற மாதங்களில் வட்டியில்லாமல் கொடுப்பது. நிலுவை வந்ததும் திருப்பிக் கட்டுவது. ஆணா பெண்ணா, எந்தச் சாதி என்ற கேள்வி கிடையாது. என் யூனியன் தோழர்கள் பன்னிரண்டு பேர் முன்பணம் கொடுத்துவிட்டார்கள். பொருளாளரிடம் ரசீது இருக்கிறது.

இரண்டாவது, மனு. 2023 விதிப்படி ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். அதற்கு மேல் ஓம்பட்ஸ்பர்சன் என்று ஒரு நடுவர். தங்கை பயந்தாள். நாங்கள் நான்கு பேர் கூட வருகிறோம், வாசலில் நிற்கிறோம், உள்ளே போய்க் கொடுத்துவிட்டு முத்திரை போட்ட நகலை வாங்கி வா என்றோம். சம்மதித்துவிட்டாள். தகப்பனாரும் இந்த அரையாண்டு முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மனுவை அவளே எழுதியிருக்கிறாள். தேதிகளை மட்டும் நான் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த தோழர் யாராவது வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு வந்து ஒருமுறை பார்த்துக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம். நான் அன்று அரைநாள் விடுப்பு எழுதிவிட்டேன்.