ஆங்கிலச் சுருக்கத்தில் சாதி எங்கே போகிறது?

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தமிழில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்கள் ஆய்வேட்டில் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தாத ஒரு பகுதியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதிச் சேர்க்க வேண்டிய ஆய்வுச் சுருக்கம். முந்நூறு பக்கம் தமிழில் எழுதிவிட்டு, பைண்டிங்குக்குக் கொடுக்கும் கடைசி வாரத்தில், இங்கிலீஷ் தெரிந்த யாரையாவது பிடித்து எழுதி வாங்குகிறோமே, அந்த இரண்டு மூன்று பக்கங்கள்.

சில ஆண்டுகளாக நண்பர்களும் நண்பர்களின் மாணவர்களும் அந்தப் பக்கங்களைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்புகிறார்கள். சாதியைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு விசயத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தமிழ் ஆய்வேட்டில் சாதி இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்துக்கு வந்ததும் அது 'சமூகம்' ஆகிறது, 'விளிம்புநிலை' ஆகிறது, 'பண்பாட்டு வேறுபாடு' ஆகிறது. இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. சாதிதான் இருக்காது.

இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளுக்குப் பிறகு நம் ஆய்வேடுகள் மின்வடிவில் சோத்கங்காவுக்குப் போகின்றன. காந்திநகரில் இருக்கிற இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் சேமிப்பகம் அது. (ஆய்வுகளைச் சேர்த்து வைக்கிற இடத்துக்கும் கங்கை என்றுதான் பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.) பாட்னாவில் இருக்கும் ஓர் அம்பேத்கரிய மாணவியோ, பெர்லினில் இருக்கும் ஓர் ஆய்வாளரோ அதில் தேடினால் உங்கள் முந்நூறு தமிழ்ப் பக்கங்களைப் படிக்கப் போவதில்லை. அந்த மூன்று பக்கங்களைத்தான் படிப்பார்கள். அதில் சாதி என்ற சொல்லே இல்லையென்றால் தேடலிலேயே நீங்கள் அகப்பட மாட்டீர்கள். நம் ஊரில் நடந்ததைப் பற்றி நம்மவர் எழுதிய ஆய்வு இருக்கும். ஆனால் வெளியே எவருக்கும் தெரியாது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். சாதி மறுத்து மணம் செய்தவர்களைக் கொல்வதைத் தமிழில் முன்பு 'கௌரவக் கொலை' என்று எழுதினார்கள். கொலையில் என்ன கௌரவம் என்று கேட்டு, இயக்கங்கள் பேசிப் பேசி, அதை 'ஆணவக் கொலை' என்று மாற்றின. 2015இல் கோகுல்ராஜ், 2016 மார்ச்சில் உடுமலையில் சங்கர் என்று அடுத்தடுத்து உயிர்கள் போன ஆண்டுகளில் அந்தச் சொல் நிலைபெற்றது. இன்று நாளிதழ்களே அப்படித்தான் எழுதுகின்றன. ஒரு மொழியில் இருந்த சொல்லைத் தெருவில் நின்று போராடி மாற்றியிருக்கிறோம். சாதாரண வேலை இல்லை அது.

அந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒருவர் ஆய்வேடு எழுதுகிறார். ஆங்கிலச் சுருக்கத்தில் என்ன எழுதுகிறார்? 'ஹானர் கில்லிங்'. துரத்தி அனுப்பிய கௌரவம் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. கேட்டால், உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள், உச்ச நீதிமன்றமும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது என்கிறார்கள். உண்மைதான். தேடுகிறவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தச் சொல்லை ஒருமுறை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பிறகு 'காஸ்ட் கில்லிங்' என்று எழுதுங்கள். தமிழில் ஏன் இந்தச் சொல் மாறியது என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரியே உங்கள் ஆய்வின் பங்களிப்புகளில் ஒன்று. அதை விட்டுவிட்டு 'இந்த ஆய்வு ஆறு இயல்களைக் கொண்டது' என்று அரைப் பக்கம் எழுதுகிறோம்.

'சேரி'யை 'ஸ்லம்' என்று எழுதுகிறார்கள். ஸ்லம் என்றால் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு. சேரி அது இல்லை. ஊர் என்று ஒன்று இருந்து, அதிலிருந்து தள்ளி வைக்கப்பட்ட இடம். ஊரைச் சொல்லாமல் சேரியைச் சொல்ல முடியாது. ஸ்லம் என்று எழுதிய உடனே தள்ளி வைத்தவர்கள் மறைந்து, வறுமை மட்டும் மிஞ்சுகிறது. மராத்தி இயக்கத்திலிருந்து வந்த 'தலித்' என்ற சொல்லை ஆங்கிலம் அப்படியே ஏற்றுக்கொண்டது. ஊர், சேரி என்ற இரண்டு சொற்களையும் அப்படியே போட்டு ஒருமுறை விளக்கினால் போதும்.

'ஆதிக்கச் சாதி'யை 'அப்பர் காஸ்ட்' என்று எழுதினால் நாமே அவர்களை மேலே தூக்கி வைக்கிறோம். 'டாமினன்ட் காஸ்ட்' என்று எழுதலாம். ஆனால் அது எம்.என். சீனிவாஸ் பெயரோடு ஒட்டிக்கொண்ட கலைச்சொல். எண்ணிக்கை, நிலம், உள்ளூர் அதிகாரம் என்று அதற்கு அவர் வைத்த பொருளைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். தேர்வாளர் அதைக் கேட்பார்.

பறையைப் பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்குக் கூடுதல் தலைவலி. 'பரையா' என்ற சொல் ஆங்கில அகராதியில் ஏற்கனவே இருக்கிறது, எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில். நம்மிடமிருந்து போன சொல் அது. உலக அரசியலில் ஒதுக்கப்பட்ட நாட்டை அந்தச் சொல்லால் திட்டி இன்றும் தலையங்கம் எழுதுகிறார்கள். இதே பெயரைத்தான் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்குத் தலைநிமிர்ந்து வைத்தார். உங்கள் சுருக்கத்தில் இந்த வரலாறு தெரிய வேண்டும். 'ஃபோக் டிரம்' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

சொற்களைவிட மோசமானது வாக்கியம். தமிழில் 'ஊர்த்தெருக்காரர்கள் சேரிக்குள் புகுந்து குடிசைகளைக் கொளுத்தினார்கள்' என்று எழுதியிருப்பார். ஆங்கிலத்தில் அது 'இரு சமூகங்களுக்கிடையே ஏற்பட்ட மோதலில் குடிசைகள் சேதமடைந்தன' என்ற பொருளில் வரும். கொளுத்தியவர்கள் எங்கே? கல்வித்துறை ஆங்கிலம் என்றால் செயப்பாட்டு வினையில்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு உயர் நீதிமன்றம் போனபோது நில உடைமையாளர்கள் விடுதலையானார்கள். எரிந்தவர்கள் உண்டு, எரித்தவர்கள் இல்லை. அதை 'கூலித் தகராறு' என்று மட்டும் எழுதுகிற ஒரு சுருக்கம் அந்தத் தீர்ப்பின் வேலையையே தொடர்ந்து செய்கிறது. எழுவாயில் ஆளை வையுங்கள். யார் செய்தார், யாருக்குச் செய்தார். ஆங்கிலமும் அப்போது எளிதாகிவிடும், எட்டாம் வகுப்பு இலக்கணம் போதும்.

இந்த அழிப்பு மாணவர்களின் அறியாமையால் மட்டும் நடக்கவில்லை. 'சாதி என்று நேரடியாகப் போடாதீர்கள், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் யாரோ என்னவோ' என்று சொல்கிற நெறியாளர்கள் இருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்பவர்களும் உண்டு, மாணவரைக் காப்பாற்றச் சொல்பவர்களும் உண்டு. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு திருத்திக் கொடுப்பவர் 'இது கொஞ்சம் எமோஷனலா இருக்கு' என்று ஒரு சொல்லை அடிப்பார். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு, ஆங்கிலம் தெரிந்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. அவருக்குத் தெரிந்தது ஆங்கிலம். சேரி உங்களுக்குத் தெரியும்.

அரசும் இதைத்தான் செய்கிறது. 2001இல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, சாதியை அங்கே பேசக் கூடாது என்று இந்திய அரசு நின்றது. ஐ.நா. ஆவணங்களில் 'தொழில், பிறப்புவழி அடிப்படையிலான பாகுபாடு' என்ற சுற்றுவழிச் சொல் புழங்குகிறது. 2018இல் 'தலித்' என்ற சொல்லைத் தவிர்க்கும்படி ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. உங்கள் சுருக்கத்தில் ஒரு சொல் அடிக்கப்படுவது இந்த வரிசையில் ஒரு சிறிய சம்பவம்.

பட்டம் வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், வீட்டில் கடன் இருக்கிறது. வாய்மொழித் தேர்வில் வீரம் காட்டச் சொல்லி நான் உங்களை உசுப்பவில்லை. சட்டத்தின் சொற்களைக் கையில் எடுங்கள். அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு 'தீண்டாமை' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து, அது ஒழிக்கப்படுகிறது என்கிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் 'வன்கொடுமை' என்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைப் பெயரிட்டே தடை செய்கிறது. இவற்றின் ஆங்கிலச் சொற்களை அப்படியே எழுதினால், உணர்ச்சிவசப்படுகிறீர்கள் என்று எந்தத் தேர்வாளரும் சொல்ல முடியாது. சொன்னால் சட்டப் பிரிவைக் காட்டலாம்.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அண்ணல் அம்பேத்கர் கட்டுரை வாசித்தபோது அவருக்கு வயது 25. தலைப்பின் முதல் சொல்லே சாதிகள். அகமண முறையே சாதியின் சாரம் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். 1923இல் ரூபாய் சிக்கல் குறித்த அவருடைய லண்டன் ஆய்வேடு நூலானபோது, பேராசிரியர் எட்வின் கேனன் தனக்கு உடன்பாடில்லாத இடங்களை முன்னுரையிலேயே எழுதினார். அம்பேத்கர் அந்த முன்னுரையோடே நூலை வெளியிட்டார். இடையில் 1920இல் மராத்தியில் 'மூக்நாயக்' நடத்தினார். ஊருக்கு ஒரு மொழி, உலகத்துக்கு ஒரு மொழி என்று இரண்டிலும் எழுதினார். உலகத்துக்கு எழுதும்போது சாதியை மழுப்பவில்லை.

மதிய உணவுக்குப் பிறகு நாம் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறோம். சுருக்கம் எழுதி முடித்தவர்கள் அதை அச்செடுத்துக் கொண்டுவாருங்கள். 'சமூகம்' என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, உங்கள் தமிழ் ஆய்வேட்டில் அந்த இடத்தில் என்ன சொல் இருந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். இன்னும் எழுதாதவர்கள் தமிழிலேயே பத்து வாக்கியம் எழுதி வாருங்கள். ஆங்கிலத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.