பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் எங்கே படிப்பது?

தோழர்களே, தாய்மாரே,

1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் வரவில்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் வீட்டிலேயே பரீட்சைக்குப் படித்தார்கள்.

மலையகத்தில் நம் கதை வேறு. லயத்தில் லைட் எரிகிறது. உட்கார்ந்து படிக்கத்தான் இடமில்லை. 10க்கு 12 அடிக் காம்பராவில் சமையல், படுக்கை, டிவி எல்லாம். "வீட்டிலிருந்து படி" என்றால் பிள்ளை எங்கே இருக்கும்?

ஆகவே சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை பாடசாலையில் ஒரு வகுப்பறை இரவு 8 மணிவரை திறந்திருக்க வேண்டும். அதிபரிடம் நாங்கள் கேட்கிறோம். ஆசிரியர்கள் முறைவைத்து இருப்போம். பிள்ளைகளைக் கூட்டிப்போக நீங்கள் முறைவைத்து வாருங்கள். அனுமதி கிடைக்கும்வரை மாலையில் 2 மணிநேரம் டிவியை நிறுத்துங்கள். பக்கத்துக் காம்பராவுக்கும் சொல்லுங்கள்.