தெரியும், சொல்லத்தான் வராது



"பக்கத்து வீட்டு அக்கா ஊருக்குப் போறாங்களாம்" என்று நாலு வயதுப் பிள்ளை ஓடிவந்து சொல்கிறது. கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே ஓர் 'ஆம்', அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் பிள்ளை திருதிருவென்று விழிக்கும். நாமாக இருந்தால் சற்று யோசித்து, 'பிறர் சொல்லக் கேட்டது' என்போம்.

சரிதான். ஆனால் பாட்டி கதை சொல்கிறாள்: "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்." இதை அவள் யாரிடமும் கேட்டிருக்க வேண்டியதில்லை, அப்போதே கட்டிவிட்ட கதையாகக்கூட இருக்கலாம். "எனக்கு ஒண்ணுமே தெரியாதாம்!" என்று அதே பிள்ளை உதட்டைச் சுழித்து அண்ணன்மேல் புகார் சொல்கிறது. அதில் அண்ணன் சொன்னது மட்டுமா இருக்கிறது? அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் அந்த 'ஆம்'க்குள்ளேயே இருக்கிறது. நம் விளக்கம்தான் தடுமாறுகிறது, பிள்ளை தடுமாறவில்லை. நிஜமாகவே பசி எடுத்தால் அது அம்மாவிடம் "பசிக்குதாம்" என்று சொல்லாது, "பசிக்குது" என்றுதான் சொல்லும்.

இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒரு தளபதி உண்டு. ஏதென்ஸ் நகரத்து லாக்கீஸ். பிளேட்டோ அவர் பெயரிலேயே ஓர் உரையாடல் எழுதியிருக்கிறார். வீரம் என்றால் என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். இடத்தைவிட்டு ஓடாமல் நின்று போரிடுவது என்கிறார் லாக்கீஸ். சிதியர்கள் ஓடிக்கொண்டே போரிடுகிறார்களே என்று மடக்குகிறார் சாக்ரடீஸ். அப்படியானால் மன உறுதி என்கிறார். முட்டாள்தனமான உறுதியும் வீரமா? கடைசியில், தெரிகிறது, ஆனால் பிடிக்குள் அகப்படவில்லையே என்று லாக்கீஸ் தன்மேலேயே எரிச்சல்படுகிறார்.

தெரிந்ததைச் சொல்லவும் முடியும் அல்லவா என்பது சாக்ரடீஸின் பிடி. எனக்கென்னவோ அங்கேதான் உடன்பாடில்லை. கி.மு. 424இல் டீலியம் போரில் ஏதென்ஸ் படை தோற்றுப் பின்வாங்கியபோது, உடன் வந்த சாக்ரடீஸ் நடந்துகொண்ட விதத்தை அதே உரையாடலில் மெச்சிப் பேசுகிறவர் இந்த லாக்கீஸ்தான். வீரனை அடையாளம் காண அவருக்கு வரையறை தேவைப்படவில்லை.

நம் தொல்காப்பியர் இதை எப்போதோ கண்டுகொண்டார். சொல்லுக்குப் பொருள், அந்தப் பொருளுக்கு ஒரு பொருள் என்று கேட்டுக்கொண்டே போனால் அதற்கு எல்லையே இராது என்று தொல்காப்பியத்தின் உரியியலில் சொல்கிறார்.

வரையறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தகராறு வந்தால் வேண்டியதுதான். புளூட்டோவை 1930இல் கண்டுபிடித்து ஒன்பதாவது கோள் என்றார்கள். அப்போது கோள் என்பதற்கு முறையான வரையறை கிடையாது. அதனால் யாருடைய கணக்கும் நின்றுவிடவில்லை. ஏறக்குறைய புளூட்டோ அளவிலேயே இன்னொன்று அகப்பட்ட பிறகுதான், 2006 ஆகஸ்டில் வானியலாளர்கள் பிராக் நகரில் கூடி வாக்கெடுத்து வரையறுத்தார்கள். புளூட்டோ குள்ளக்கோள் ஆயிற்று.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொருளை மளமளவென்று ஒப்பித்துவிட்டு வாக்கியத்தில் கோட்டைவிடும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே, ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லத் தெரியாமல் பிள்ளை நின்றால், அதற்குத் தெரியாது என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தச் சொல்லை வைத்து இரண்டு வாக்கியம் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.