கிறீச்சிடும் பெல்ட்



தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் பெரும்பாலான விசைப்படகுகள் கரையேறுகின்றன. பலகை மாற்றுவார்கள், சாயம் அடிப்பார்கள், எஞ்சினைப் பிரித்து நாசில், பம்ப், கியர் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எஞ்சினின் முகப்பில் ஓடும் பெல்ட்டுக்கு மட்டும் "புதுசு ஒண்ணு போட்டுடு" என்பதோடு கவனிப்பு முடிந்துவிடும். பெல்ட் தேய்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தேடாமல் புதிதை மாட்டினால் அதுவும் சீக்கிரமே அதே கதிக்கு வரும்.

எஞ்சின் அறைக்குள் போயிராதவர்களுக்குச் சொல்கிறேன். நம் விசைப்படகுகள் பலவற்றில் இருப்பது லாரி எஞ்சினைக் கடலுக்கென மாற்றியமைத்த டீசல் எஞ்சின். லாரியில் காற்றாடியைச் சுழற்றும் பெல்ட் இங்கே இரண்டு வேலை செய்கிறது. பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோவைச் சுழற்றுகிறது. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவைக்கும் பம்பையும் சுழற்றுகிறது. கடல் தண்ணீரை இழுக்கும் பம்ப் பல எஞ்சின்களில் கியரில் தனியாக ஓடும். ஆபத்தே இங்கேதான். பெல்ட் அறுந்தாலும் படகின் பக்கவாட்டில் கடல் தண்ணீர் வழக்கம்போல் கொட்டிக்கொண்டிருக்கும். டிரைவர் அதைப் பார்த்து, எல்லாம் சரி என்று நினைப்பார். உள்ளே நல்ல தண்ணீர் அசையாமல் நின்று கொதிக்கும். சில நிமிடங்களில் ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஹெட்டே விரிசல் விடுவதும் உண்டு. பாக் நீரிணையில் எஞ்சின் நின்ற படகு காற்றும் நீரோட்டமும் தள்ளுகிற பக்கம் போகும். அங்கே இலங்கையுடனான கடல் எல்லைக்கோடு எவ்வளவு அருகில் என்பது ராமேசுவரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெல்ட் அறுந்தால் டைனமோவும் நிற்கும். ஆகவே சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தால், பேட்டரிதானே, கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உடனே எஞ்சினின் முகப்பைப் பாருங்கள்.

சரி, பெல்ட் ஏன் கெடுகிறது? முதலில் புல்லியைப் பாருங்கள். இந்தப் பெல்ட் அடியில் குறுகி மேலே அகன்றிருக்கும். புல்லியின் பள்ளத்தில் இரண்டு பக்கச் சுவரையும் ஆப்புப் போல இறுகப் பற்றித்தான் அது இழுக்கிறது. பள்ளத்தின் அடியை அது தொடவே கூடாது. அடி பளபளவென்று மின்னினால் சுவர்கள் தேய்ந்து பெல்ட் இறங்கிவிட்டது என்று பொருள். அந்தப் புல்லிக்கு எந்தப் பெல்ட் போட்டாலும் வழுக்கும். புல்லியைத்தான் மாற்ற வேண்டும். தடைக்காலத்தில் சும்மா நின்ற படகில் உப்புக்காற்று பட்டுப் பள்ளத்தில் துரு ஏறியிருக்கும். சொரசொரப்பான அந்தத் துரு ரப்பரை அராவும். எமரித் தாளால் தேய்த்தெடுங்கள்; பள்ளத்துக்குள் பெயின்ட் அடிக்காதீர்கள். எஞ்சினைச் சுற்றிக் கரும்பொடி படிந்திருந்தால் அது உங்கள் பெல்ட்டின் ரப்பர்தான்.

அடுத்தது, புல்லிகளின் நேர். பழைய எஞ்சின்களில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதையே. டைனமோவைத் தாங்கும் பிராக்கெட் அதிர்ந்து அதிர்ந்து விரிசல் விடும், போல்ட் துளை நீளும். எங்கோ ஒரு பட்டறையில் அதற்கு ஒட்டுவைப்பார்கள். வெல்டிங் சூட்டில் இரும்பு சற்றே கோணும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோணல் போதும், பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தின்றுபோக. நேரான இரும்புப் பட்டை ஒன்றைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பாருங்கள். புல்லிகளுக்கு நடுவே ஓரடி இடைவெளி என்றால், இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. பிராக்கெட்டுக்கு அடியில் வாஷர் வைத்து நேராக்கலாம். துளையே நீண்டிருந்தால் புதிய பிராக்கெட் செய்துகொள்வதே நல்லது.

மூன்றாவது, பாரம். விளக்குகள், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் என்று கூடக்கூட, பெரிய டைனமோ வாங்கிப் பழைய பெல்ட்டிலேயே மாட்டிவிடுகிறார்கள். 28 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் 1,680 வாட். டைனமோவில் வீணாவதையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு குதிரைத்திறனைச் சின்னஞ்சிறு புல்லியில் அந்த ஒற்றைப் பெல்ட் இழுக்க வேண்டும். 13 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ பெல்ட் அதற்குத் திணறும். 17 மில்லிமீட்டர் பி பெல்ட்டுக்கு மாறலாம், அல்லது இரட்டைப் பெல்ட் போடலாம். புல்லிகளையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இரட்டையில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதியது இறுக்கமாகவும் பழையது தளர்ந்தும் இருந்தால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழும்.

இறுக்கத்துக்குக் கட்டைவிரலே அளவுகோல். நீளமான பக்கத்தின் நடுவில் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்க வேண்டும். சத்தம் போகட்டுமென்று மேலும் இறுக்கினால் வாட்டர் பம்பின் பேரிங் போகும். கிறீச்சென்று கத்தும் பெல்ட்டில் சோப்புத் தேய்ப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். சத்தம் அடங்கும், வழுக்கல் அப்படியே இருக்கும். புதுப் பெல்ட் முதல் அரைமணி ஓட்டத்திலேயே சற்று நீளும். எஞ்சினை நிறுத்தி இன்னொரு முறை இறுக்க வேண்டும். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் தளர்ந்த கைலியோடு யாரும் போகக் கூடாது. பெல்ட்டுக்கு மறைப்புத் தகடு கட்டாயம் வேண்டும்.

கடலுக்குப் புறப்படும்போது சரியான அளவில் ஒரு மாற்றுப் பெல்ட் படகில் இருக்கட்டும். பி 52 என்றால் பி அகலம், உட்சுற்று 52 அங்குலம். கழற்றிய பெல்ட்டின் மேல் எழுத்து அழிந்திருந்தால் கடைக்காரரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி வாங்காமல், பழையதைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். கரையிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு, டைனமோ போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பானரையும் அதோடு சேர்த்துக் கட்டி எஞ்சின் அறையில் தொங்கவிடுங்கள்.